படம் பார்த்துக் காலம் சொல்

செய்திப் படங்கள், ஓவியங்கள் வழியாக 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சமூக மாற்றத்தைச் சொல்லித்தருவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் நூலகர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க நிறப் பாகுபாடு பற்றிய ஒரு செய்திப் படத்தைக் காட்டினேன். "பாவம் மிஸ்" என்றார்கள், அத்தோடு முடிந்தது. ஒரே பீரியட், 45 நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்குள் இதைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது?
— சமூக அறிவியல் ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: இன்ன கொடுமை என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. பரிதாபப்பட மட்டும்தான் இடம் இருக்கும். அதனால் தலைப்பு, ஆண்டு, ஊர் மூன்றையும் மறைத்து வையுங்கள். ஒரு படத்துக்குப் பதிலாக, ஒரே நிகழ்ச்சியைக் காட்டும் ஒரு செய்திப் படமும் ஓவியமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த பாடத்துக்குப் பொருத்தமான இணை ஒன்று உண்டு.

1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்துவந்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி சேர்ந்தாள். கூட்டம் கூடிக் கூச்சல் போட்டதால் மத்திய அரசின் மார்ஷல்கள் காவலுக்கு வந்தார்கள். அவர்களோடு அவள் பள்ளிப் படியில் இறங்கிவரும் செய்திப் படம் பரவலாகக் கிடைக்கிறது. இதே நிகழ்ச்சியை நார்மன் ராக்வெல் ஓவியமாக்கினார். 1964 ஜனவரியில் 'லுக்' இதழில் அது வெளியானது.

முதலில் ஓவியம். 5 பேருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று சொல்லுங்கள். ஆளுக்குப் பத்துப் பெயர்ச்சொல் எழுதட்டும்: பொருள், நிறம், எழுத்து, எதுவானாலும் சரி. 'சோகம்', 'கொடுமை' போன்ற சொற்களுக்கு இப்போது இடமில்லை. வெள்ளை கவுன், வெள்ளை ஷூ, தலையில் ரிப்பன், கையில் நோட்டும் ஸ்கேலும், மஞ்சள் கைப்பட்டை, சுவரில் சிவப்புக் கறை, கீழே நசுங்கிய தக்காளி என்று பட்டியல் வரும். "நாலு பேருக்கும் தலையே இல்லை மிஸ்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அதை யார் சொன்னாலும் கரும்பலகையில் எழுதுங்கள், விளக்கத்துக்குப் போகாதீர்கள்.

அடுத்த பத்து நிமிடத்துக்கு ஒரே கேள்வி: தக்காளியை எறிந்தவர் எங்கே நிற்கிறார்? பிள்ளைகள் படத்துக்குள் தேடுவார்கள். அங்கே கூட்டமே கிடையாது. எறிந்தவர் நிற்க வேண்டிய இடம், படத்தைப் பார்க்கிற நாம் நிற்கிற இடம். இதை நீங்கள் சொன்னால் வீணாகிவிடும். வகுப்பில் ஒருவரைச் சுவரோரம் நடக்கவிட்டு, மற்றவர்களை எதிரே நிற்கச் சொல்லுங்கள், தானாகவே புரிந்துவிடும்.

25-ஆவது நிமிடத்தில் செய்திப் படத்தைக் கொடுங்கள். இதில் மார்ஷல்களுக்கு முகம் இருக்கிறது. ஓவியர் எதை வெட்டினார், எதைச் சேர்த்தார், எதற்காக என்று இரண்டு வரி எழுதட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் ஆண்டும் ஊரும். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954-இல். ரூபி பிறந்ததும் அதே ஆண்டு. தீர்ப்பு அந்தப் பள்ளி வாசலுக்கு வந்துசேர அந்தக் குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூட வயதை எட்ட வேண்டியிருந்தது. வந்த பிறகும் வெள்ளைப் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டு முழுக்க பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை, காலி வகுப்பறையில் அவள் ஒருத்திக்குப் பாடம் நடத்தினார். ரூபியின் அப்பாவுக்கு வேலை போனது.

சிக்கல் வருகிற இடங்களையும் சொல்லிவிடுகிறோம். ஓவியத்தின் சுவரில் கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல் ஒன்று எழுதியிருக்கும். "அது வசைச்சொல், வாய்விட்டுப் படிக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பேச்சு நம் ஊர்ச் சாதிக்கு வரும், வரத்தான் வேண்டும். ஆனால் வகுப்பில் உள்ள யார் பெயரும், ஊரில் உள்ள யார் பெயரும் வரக்கூடாது என்று தொடக்கத்திலேயே விதி போடுங்கள். "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று எந்தப் பிள்ளையையும் பலர் முன்னால் கேட்காதீர்கள். கேட்டால், ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை எழுப்பி நிறுத்தியதாகிவிடும். இன்னொன்று, "ரூபி தைரியசாலி" என்பதோடு வகுப்பு முடிந்துவிடும் ஆபத்து. அவளுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள்: வழக்குத் தொடுத்தவர்கள், தீர்ப்பு எழுதியவர்கள், அனுப்பிவைத்த பெற்றோர், மார்ஷல்கள், ஆசிரியை. அதே நாளில் அதே நகரத்தின் இன்னொரு பள்ளியில் சேர்ந்த மூன்று சிறுமிகளையும் விட்டுவிடக்கூடாது. அவர்களை யாரும் இவ்வளவு பெரிய ஓவியமாக்கவில்லை. ஏன் என்பது அடுத்த வகுப்புக்கு நல்ல கேள்வி.

கேள்வி: படங்களை எந்த அளவில் அச்சடிப்பது? ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் முகமெல்லாம் கரிக்கட்டையாக வருகிறது. காப்புரிமைப் பிரச்சினை வருமா?
— கிளை நூலகர், அறந்தாங்கி

பதில்: 40 பேர் என்றால் 8 பிரதி, ஏ3 அளவு போதும். ஐந்து தலை குனிந்து பார்க்க ஏ4 பற்றாது. கோப்பின் நீளப் பக்கம் 2,400 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால் ஏ3-இல் உடையாது. வாட்ஸாப்பில் படமாக வந்தது சுருங்கிப்போயிருக்கும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கரிக்கட்டைக்குக் காரணம், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் உள்ள நடுத்தரச் சாம்பல் நிறங்களை அந்த மெஷின் கறுப்பாகவே எடுத்துக்கொள்வதுதான். போனிலேயே நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டு, ஒரு பிரதி சோதித்துப் பார்த்த பிறகு மீதியை எடுங்கள். ஜெராக்ஸுக்குப் பதில் கோப்பிலிருந்து நேராக லேசர் பிரிண்ட் எடுத்தால் இன்னும் நல்லது. லேமினேஷன் வேண்டாம், ட்யூப் லைட் பளபளத்துப் பாதிப் படம் மறையும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. அதே படத்தைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்கு இது பொருந்தாது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் பழைய சமூகப் படங்கள் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த பதிலில் வரும் லூயிஸ் ஹைன் படங்களும் அங்கே உள்ளன.

கேள்வி: குழந்தைத் தொழிலாளர் முறை எப்படிக் குறைந்தது என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் படம் எடுத்துவந்து காட்டலாமா?
— தன்னார்வ ஆசிரியர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையை உங்கள் வகுப்பிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது. சூளையில் பிள்ளைகள் வேலை செய்வது உண்மையானால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், பாடம் பிறகு நடக்கட்டும்.

பாடத்துக்கு லூயிஸ் ஹைனின் படங்கள் இருக்கின்றன. 1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலை ஆலையாகப் போய்ப் படம் எடுத்தவர் அவர். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேறு வேலையாக வந்தவர்போல நுழைவார். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் தலை எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்வார். படத்தோடு அளவும் கூலியும் சேர்ந்து வந்ததால்தான் அது சாட்சியமாக நின்றது.

1908-இல் வட கரோலினாவின் விட்னெல் பருத்தி ஆலையில், நூற்கும் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஒரு சிறுமியை அவர் எடுத்தார். உயரம் 51 அங்குலம், ஆலைக்கு வந்து ஓராண்டு, சில நாள் இரவு வேலை, தினக்கூலி 48 சென்ட் என்று குறிப்பு சொல்கிறது. வயதைக் கேட்டதற்குத் தயங்கி, நினைவில்லை என்றாள். பிறகு, வேலை செய்யும் வயது தனக்கு ஆகவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்று ரகசியமாகச் சொன்னாள். 51 அங்குலம் ஏறக்குறைய 130 சென்டிமீட்டர். வகுப்புச் சுவரில் அந்த உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைவிட உயரமாக இருப்பார்கள். ஒவ்வொருவராகப் போய் நின்று பார்க்கட்டும், பிறகு படத்தைக் காட்டுங்கள்.

அடுத்தது கயிறு. 4 மீட்டர் கொடிக்கயிறு கட்டி, ஓராண்டுக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1908-இல் இந்தப் படத்தைத் துணி கிளிப்பில் மாட்டுங்கள். 80 சென்டிமீட்டரில் 1916: குழந்தைகள் செய்த பொருளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடைபோட்ட முதல் மத்தியச் சட்டம். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி 1918: உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 3 மீட்டரில் 1938: குழந்தைத் தொழிலை மறுபடி கட்டுப்படுத்திய நியாயத் தொழில்தரச் சட்டம். 3 மீட்டர் 30-இல் 1941: நீதிமன்றம் அதை ஏற்றது.

1918 கிளிப்பில் நின்று பேசுங்கள். ஆலை முதலாளிகள் பின்னால் இருந்தார்கள் என்றாலும், 1916 சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஓர் ஆலைத் தொழிலாளி, இரண்டு மகன்களின் தகப்பன். பிள்ளைகளின் சம்பளம் நின்றால் வீட்டுக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். நல்லவர் கெட்டவர் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இங்கேதான் உடையும். படம் வந்தது, சட்டம் வந்தது, கொடுமை ஒழிந்தது என்று ஒரே மூச்சில் எழுதும் பிள்ளைகளுக்கு, அந்த வெறும் கயிற்றின் நீளம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: 13 வயது மகள் பள்ளியில் பஞ்சத்தின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்படிப்பட்ட படங்களைக் காட்டத்தான் வேண்டுமா?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: உங்கள் மகளின் மனம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. படம் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை. பஞ்சம், போர், விஷவாயு போன்றவற்றில் இறந்த குழந்தைகளின் புகைப்படங்களை இந்த வயதில் காட்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதிர்ச்சி கண்ணை மூடவைக்குமே தவிர, யோசிக்கவைக்காது.

1943 வங்கப் பஞ்சத்துக்கு ஓவியங்கள் உண்டு. ஜைனுல் ஆபேதின் மலிவான பொட்டலத் தாளில் கறுப்பு மையும் உலர்ந்த தூரிகையும் வைத்துக் கல்கத்தாத் தெருக்களை வரைந்தார். சித்தப்ரசாத் வங்கத்தின் மிட்னாப்பூர் கிராமங்களில் நடந்து திரிந்து, தான் வரைந்த மனிதர்களைப் பற்றிய குறிப்புகளோடு 'பசித்த வங்கம்' என்ற சிறுநூலைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசு 5,000 பிரதிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பறிமுதல் செய்து எரித்தது. கோட்டோவியம் உண்மையை மறைப்பதில்லை, ஆனால் பார்ப்பவருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஓர் அரசு ஏன் கோட்டோவியத்தைக் கண்டு பயந்தது என்ற கேள்வியையும் அதுவே எழுப்புகிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம். நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாள், இந்தியன் இங்க், 8-ஆம் எண் தூரிகை போதும். தூரிகையை மையில் தொட்டுப் பழைய துணியில் முக்கால்வாசி ஒற்றி எடுத்த பிறகு இழுத்தால், கோடு மயிர்மயிராகப் பிரியும். மை அதிகமானால் தாள் ஊறிச் சுருங்கும். வரைவதற்குப் பஞ்சக் காட்சி வேண்டாம். ரேஷன் கடை வரிசையோ, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களோ போதும்.

கேள்வி: மாணவர்கள் கொண்டுவரும் 'செய்திப் படங்கள்' பாதி வாட்ஸாப்பில் சுற்றுபவை. இப்போது ஏஐ படங்களும் சேர்ந்துவிட்டன. எப்படிச் சோதிப்பது?
— கணினி ஆசிரியர், நாமக்கல்

பதில்: ஏஐ படங்களைவிட அதிகமாக ஏமாற்றுவது, உண்மையான பழைய படத்துக்குப் புதிய ஊர்ப் பெயர் ஒட்டியதுதான். கூகுள் லென்ஸில் போட்டு வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பாருங்கள். படத்தைக் கொடுத்துத் தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் 'மிகப் பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. செய்தி நேற்றையது, படம் ஐந்து வருடத்துக்கு முந்தையது என்றால் வேலை முடிந்தது. அடுத்தபடியாகப் படத்தில் உள்ள பெயர்ப்பலகை, பஸ் நிறம், வண்டி எண், நிழல், உடை ஆகியவை சொல்லப்பட்ட ஊருக்கும் பருவத்துக்கும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏஐ படங்களில் பின்னால் நிற்பவர்களின் கைவிரல்களும் பலகை எழுத்துகளும் முன்பு காட்டிக்கொடுத்தன. இப்போது அதை மட்டும் நம்ப முடியாது. எடுத்தவர் யார், எந்த நிறுவனம் வெளியிட்டது என்ற விவரம் கிடைக்காத படத்தைப் பாடத்துக்கு எடுக்காமல் விட்டுவிடுவதே பத்திரம்.

உண்மையான படத்திலும் கேள்வி உண்டு என்பதைக் காட்ட, 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ பட்டாணி வயல் முகாமில் டொரொதியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பயன்படுத்துங்கள். கீழ் வலது மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் உறுத்துகிறது என்று லாங்கே பின்னால் நெகடிவில் அதை மங்கவைத்தார். திருத்தாத பிரதியும் கிடைக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேடச் சொல்லுங்கள். இது பொய்யா, இல்லையா என்று வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும்.

பிறகு மீதியைச் சொல்லுங்கள். படம் நாளிதழில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறு ஊர் போய்விட்டிருந்தார். அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடிப் பெண் என்பது 1970-களின் இறுதியில்தான் வெளியே தெரிந்தது. உலகமெல்லாம் சுற்றிய அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருந்தினார்.

கேள்வி: சமூக மாற்றம் பற்றிப் போஸ்டர் போடச் சொன்னால், எல்லோரும் கண்ணீர் விடும் பூமி, கோத்த கைகள், உடைந்த சங்கிலி என்றே வரைகிறார்கள். என்ன செய்வது?
— ஓவிய ஆசிரியர், திருப்பூர்

பதில்: 'சமூக மாற்றம்' என்று தலைப்புக் கொடுத்தால் அதுதான் வரும். ஒரே ஒரு மாற்றத்தைக் கொடுங்கள், படத்துக்கு முன்னால் வாக்கியம் எழுதவையுங்கள். ஜேக்கப் லாரன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின ஓவியர் அப்படித்தான் செய்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கே தொழில் நகரங்களுக்குப் போனதை 1940-41-இல், தன் 23-ஆவது வயதில், 60 பலகைகளாக வரைந்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்தில் படித்துக் குறிப்பெடுத்து, முதலில் வாசகங்களை எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பலகையும் 12-க்கு 18 அங்குலம். ஒரு நிறத்தைக் கலந்தால் அது தேவைப்படும் எல்லாப் பலகையிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போனார். அறுபதும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். முதல் பலகையில் ரயில் நிலையக் கூட்டம் சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று எழுதிய மூன்று வாசல்களை நோக்கி நெருக்குகிறது. அழும் முகம் ஒன்றைக்கூடப் பெரிதாக்கிக் காட்டவில்லை.

உங்கள் ஊருக்கே இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. பனியன் கம்பெனிகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்தும், பிறகு பீகார், ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்த கதையை ஆறு பேர் கொண்ட குழு ஆறு அட்டைகளில் செய்யட்டும். முதல் வாரம் நாளிதழ்ப் படங்களை வெட்டிச் சேர்த்து, அட்டைக்கு ஒரு வாக்கியம், 12 சொல்லுக்கு மிகாமல். இரண்டாம் வாரம் தீப்பெட்டி அளவில் பென்சில் மாதிரி, அட்டைக்கு மூன்று. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாம் வாரம் போஸ்டர் கலர், நான்கே நிறம், லாரன்ஸ் முறையில் ஆறு அட்டையிலும் ஒரே நேரத்தில். நிறத்தை மூடியுள்ள டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைக்காவிட்டால் மறுநாள் அதே நிறம் திரும்ப வராது, தொடர் உடையும். பூமி, புறா, சங்கிலி, மெழுகுவர்த்தி நான்குக்கும் தடை போடுங்கள். முதல் வாரம் முனகுவார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் கண்ணெதிரே இருக்கும் ஒரு படைப்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம்.
— தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: மெரினா உழைப்பாளர் சிலை. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு, 1959-இல் நிறுவப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான். வெயிலுக்கு முன் போய்விடுங்கள், 20 நிமிடம் போதும். பாறையை நெம்பும் நான்கு பேரின் நிலையில் நான்கு நான்கு பேராக நின்று பார்க்கட்டும். யாருடைய காலில் பாரம், யாருடைய தோளில் பாரம் என்று உடம்பு சொல்லிவிடும். ஐந்தாவதாக ஒரு பெண்ணைச் சேர்ப்பதானால் எங்கே நிறுத்துவது, அவள் கையில் என்ன இருக்கும் என்று அங்கேயே நோட்டில் வரையச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு என்று தள்ளிப்போட்டால் யாரும் வரையமாட்டார்கள்.